தொடர்பியல் பேராசிரியர் ஒருவர் சியரா கிளப்பின் தலைவரானது எப்படி?

தொடர்பியல் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவின் பழம்பெரும் சுற்றுச்சூழல் அமைப்பான சியரா கிளப்புக்கு மூன்று முறை தலைவராக இருந்த ராபர்ட் காக்ஸ் உயிரியலோ வனவியலோ படித்தவர் இல்லை. சொல்லாட்சியியல் பேராசிரியர். பேச்சையும் வாதத்தையும் ஆராய்கிறவருக்கு அங்கே என்ன வேலை? ஒரு தரப்பில் நின்று இயங்கியவரின் ஆய்வை எப்படி நம்புவது?"

நல்ல கேள்வி. இரண்டாவது பாதிதான் கடினம், அதற்குப் பிறகு வருகிறேன்.

அணை கட்டலாமா, காட்டை வெட்டலாமா, அனல் மின் நிலையத்துக்கு அனுமதி தரலாமா என்ற முடிவுகள் எந்த நாட்டிலும் ஆய்வுக்கூடத்தில் எடுக்கப்படுவதில்லை. சட்டமன்றத்தில், நீதிமன்றத்தில், கருத்துக்கேட்புக் கூட்டத்தில், வங்கியின் கடன் குழுவில் எடுக்கப்படுகின்றன. அங்கெல்லாம் நடப்பது வாதம். தரவுகளை அறிவியலாளர் தருகிறார். அந்தத் தரவு யார் காதில், எந்த நேரத்தில், எந்த வடிவத்தில் விழுந்தால் முடிவு மாறும் என்பது தனி அறிவு. காக்ஸ் தம் பணிக்காலம் முழுவதும் அந்த அறிவைத் தேடினார், அதைப் பயன்படுத்தியும் பார்த்தார்.

மேற்கு வர்ஜீனியாவின் தென்பகுதியில், அப்பலேச்சிய மலைகளில், நிலக்கரி எடுக்கும் ஊர்களுக்கு நடுவே வளர்ந்தவர் அவர். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, சேப்பல் ஹில்லில் உள்ள நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றார். தொடக்கத்தில் அவர் எழுதியது காடுகளைப் பற்றி இல்லை, வியட்நாம் போருக்கு எதிராக எழுந்த இயக்கத்தின் பேச்சுகளைப் பற்றி. சியரா கிளப்பின் தலைவராக அவர் இருந்த காலங்கள் 1994–96, 2000–01, 2007–08. அங்கே தலைவர் பதவி ஊதியமில்லாதது. உறுப்பினர்கள் இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள், குழு தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. அன்றாட நிர்வாகத்துக்குத் தனியே ஊதியம் பெறும் செயல் இயக்குநர் உண்டு. அதனால் தலைவராக இருந்துகொண்டே பேராசிரியராகவும் நீடிக்க வழி இருந்தது.

அவருடைய சிந்தனையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கட்டுரையைப் படிக்கச் சொன்னால், 1982-ல் அமெரிக்கப் பேச்சியல் காலாண்டிதழில் வந்த கட்டுரையைச் சொல்வேன். "மீட்க முடியாதது" என்ற வாதம் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் அதன் பொருள். விதை அவருடையது இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷயிம் பெரல்மனும் லூசி ஓல்பிரெக்ட்ஸ்-டிடேகாவும் 1958-ல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட வாதவியல் நூலில், மனிதர்கள் எதை எதைவிட மேலானதாக மதிக்கிறார்கள் என்று வகைப்படுத்தினார்கள். அங்கே ஓர் எடுத்துக்காட்டு வரும். ஆதரவற்ற குழந்தைகளைப் பராமரித்துவந்த சீமாட்டிகளிடம் வின்சென்ட் தெ பால் என்ற பாதிரியார் பேசுகிறார். இந்தப் பிள்ளைகளின் வாழ்வும் சாவும் இப்போது உங்கள் கையில் இருக்கின்றன, கைவிட்டால் அவர்கள் பிழைக்க மாட்டார்கள் என்பது அவர் பேச்சின் சாரம். குழந்தைகள் நல்லவர்கள் என்றோ, தருமம் புண்ணியம் தரும் என்றோ அவர் வாதிடவில்லை. திரும்பப் பெற முடியாத ஒன்று உங்கள் தீர்மானத்தில் தொங்குகிறது என்று மட்டும் காட்டினார்.

காக்ஸ் இதை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். மீட்க முடியாதது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு மூன்று தன்மைகள் இருக்க வேண்டும் என்றார். அது தனித்தன்மை உடையதாக, ஈடு செய்ய மாற்று இல்லாததாக இருக்க வேண்டும். நிலையற்றதாக, கைவிட்டால் போய்விடக்கூடியதாக இருக்க வேண்டும். செயல்பட வேண்டிய நேரம் இப்போதே என்ற நெருக்கடியும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வாதம் நொண்டும். உலகில் ஒன்றே ஒன்றுதான், ஆனால் ஆபத்து இல்லை என்றால் யாரும் அசைய மாட்டார்கள். ஆபத்து இருக்கிறது, ஆனால் இதுபோல் நூறு இருக்கின்றன என்றால் இழப்பீடு பேசத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டவர்களின் முடிவெடுக்கும் முறை எப்படி மாறுகிறது என்பதையும் காக்ஸ் கவனித்தார். அவர்கள் காலத்தை நீட்டிப் பார்க்கிறார்கள், அடுத்த தேர்தலோடு நிற்காமல் அடுத்த தலைமுறை வரை போகிறார்கள். முடிவுக்கு முன் கூடுதல் தகவல் கேட்கிறார்கள். குறைந்தபட்சம் இது மிஞ்ச வேண்டும், இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு கோடு போடுகிறார்கள். வழக்கத்துக்கு மாறான நடவடிக்கைகளை நியாயம் என்று ஏற்கவும் தயாராகிறார்கள். கடைசியாகச் சொன்னது எவ்வளவு வலிமையானதோ அவ்வளவு ஆபத்தானது என்பது என் கருத்து.

கொலராடோ ஆற்றின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். 1950-களில் டைனசோர் தேசிய நினைவுச்சின்னப் பகுதிக்குள் எக்கோ பார்க் என்ற இடத்தில், கொலராடோவின் கிளையாறான கிரீன் ஆற்றில், அணை கட்டத் திட்டம் வந்தது. டேவிட் பிரௌவர் தலைமையில் சியரா கிளப் எதிர்த்து வென்றது. அந்த வெற்றிக்கு விலை இருந்தது. 1956-ல் வந்த சட்டத்தில் எக்கோ பார்க் கைவிடப்பட்டது, கொலராடோ ஆற்றில் கிளென் பள்ளத்தாக்கில் அணை கட்ட அனுமதி கிடைத்தது. கிளென் பள்ளத்தாக்கைப் பிரௌவர் அப்போது பார்த்ததே இல்லை. அணை எழும்பிக்கொண்டிருக்கும்போது படகில் போய்ப் பார்த்தார். செம்மணற்கல் சுவர்களும் பக்கவாட்டுக் குகைப் பள்ளங்களும் 1963-ல் மதகுகள் மூடப்பட்டதும் நீருக்குள் போயின. இழப்பு நடந்த பிறகுதான் அது ஒன்றே ஒன்று என்று நாட்டுக்குத் தெரிந்தது. மூன்று தன்மைகளில் "இப்போதே" என்பது தவறிப்போன நேரம் அது.

அடுத்து அதே ஆற்றில் கிராண்ட் கேன்யன் பகுதியிலும் அணைகள் கட்ட அரசு முனைந்தபோது பாடம் நினைவில் இருந்தது. நீர்மட்டம் உயர்ந்தால் சுற்றுலாப் பயணிகள் படகிலேயே போய்ப் பள்ளத்தாக்கின் சுவர்களை அருகில் பார்க்கலாம் என்று அணைத் தரப்பு சொன்னது. 1966-ல் சியரா கிளப் பெரிய நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் வெளியிட்டது. அவற்றில் ஒன்றின் தலைப்பு உலகப் புகழ் பெற்றது: சுற்றுலாப் பயணிகள் விதானத்துக்கு அருகில் போவதற்காக சிஸ்டைன் தேவாலயத்தையும் நீரில் மூழ்கடிக்கலாமா? மைக்கேலாஞ்சலோவின் ஓவியங்கள் நிறைந்தது வத்திக்கானில் உள்ள அந்தத் தேவாலயத்தின் விதானம்.

இந்த ஒரு வரியை மாணவர்களுக்கு நான் பிரித்துக் காட்டுவதுண்டு. எதிர்த்தரப்பின் வாதத்தை மறுக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு இன்னொரு இடத்தில் பொருத்துகிறது. புவியியலைப் பற்றி ஒரு சொல் இல்லை. மனிதன் படைத்த ஈடில்லாத ஒன்றுக்கு எந்த மதிப்பைத் தயங்காமல் தருகிறோமோ, அதே மதிப்பை ஆறு செதுக்கிய பள்ளத்தாக்குக்கும் தரவைக்கிறது. கேள்வியாக இருப்பதால் பதிலை வாசகரே சொல்லிக்கொள்கிறார். தனித்தன்மை, நிலையின்மை, நெருக்கடி மூன்றும் ஒரே வாக்கியத்தில் அடங்கியிருக்கின்றன. முதல் விளம்பரம் வந்த மறுநாளே வருமான வரித்துறை கிளப்புக்குக் கடிதம் அனுப்பியது. நன்கொடையாளர்களுக்கு இருந்த வரிவிலக்குக் கேள்விக்குள்ளானது, பிறகு போய்விட்டது. அரசு வரி கேட்டு மிரட்டுகிறது என்ற செய்தியே மக்களை இன்னும் கொதிக்க வைத்தது. 1968-ல் நிறைவேறிய சட்டத்தில் அந்த அணைகள் இல்லை.

சுற்றுச்சூழல் எழுத்தைச் சொல்லாட்சியியல் கண்ணோடு பார்த்தவர் காக்ஸ் மட்டும் இல்லை. அதே 1980-களில் கிறிஸ்டின் ஓரவெக் என்ற ஆய்வாளர் ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கு விவகாரத்தை ஆராய்ந்தார். யோசெமிட்டி பூங்காவுக்குள் இருந்த அந்தப் பள்ளத்தாக்கில் சான் பிரான்சிஸ்கோவின் குடிநீருக்காக அணை கட்ட 1913-ல் நாடாளுமன்றம் அனுமதி தந்தது. சியரா கிளப்பை 1892-ல் தொடங்கியவர்களில் முதன்மையானவரான ஜான் மியூர் அதை எதிர்த்துத் தோற்று, அடுத்த ஆண்டே இறந்தார். பொதுமக்கள் என்றால் யார் என்பதில்தான் இரு தரப்பும் மோதின என்றார் ஓரவெக். ஒரு தரப்புக்குப் பொதுமக்கள் என்றால் தண்ணீர்க் குழாய் வேண்டி நிற்கும் தனிமனிதர்களின் கூட்டுத்தொகை. மற்றத் தரப்புக்கு அது நாடு என்னும் ஒரு முழுமை, அதற்கு அழகும் ஒரு தேவை. இந்த வகை ஆய்வுகள் சேர்ந்துதான் 1991-ல் யூட்டா மாநிலத்தின் ஆல்டாவில் நடந்த மாநாட்டில் ஒரு துறையாக உருவெடுக்கத் தொடங்கின. அதைச் சுற்றுச்சூழல் தொடர்பியல் என்கிறோம். காக்ஸ் 2006-ல் வெளியிட்ட பாடநூல் அந்தத் துறையின் வகுப்பறைகளில் நிலைபெற்றது. பின்னர் வந்த பதிப்புகளில் ஃபேட்ரா பெசுலோ இணையாசிரியர்.

அந்தப் பாடநூலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பொதுக் கூட்டங்களில் யாருடைய குரல் செல்லுபடியாகிறது என்பதைப் பற்றியது. 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தான தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் அமெரிக்க மக்களுக்குப் பெரிய வாசலைத் திறந்தது. மத்திய அரசின் பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்க வேண்டும், மக்கள் அதைப் படித்துக் கருத்துச் சொல்லலாம். சட்டத்தில் வாசல் திறந்ததால் எல்லோரும் உள்ளே போய்விட்டார்களா?

அப்படிப்பட்ட கூட்டத்தைக் கற்பனை செய்து பாருங்கள். மேடையில் அதிகாரிகளும் பொறியாளர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே ஒலிவாங்கி. ஒருவருக்கு மூன்று நிமிடம். நிறுவனத்தின் ஆலோசகர் வந்து தண்ணீரில் கரைப்பான் எத்தனை பங்கு என்று வரைபடத்தோடு பேசிவிட்டுப் போகிறார். பிறகு ஒரு தாய் வருகிறாள். தன் தெருவில் எத்தனை வீட்டில் புற்றுநோய் என்று சொல்கிறாள், நடுவில் குரல் உடைகிறது. நேரம் முடிந்தது என்று மணி அடிக்கிறது. குறிப்பெடுப்பவரின் தாளில் முதல் பேச்சு "தரவு", இரண்டாவது "உணர்ச்சி". அரிசோனாவின் தெற்கு டூசானில் நிலத்தடி நீர் தொழிற்சாலைக் கரைப்பானால் நஞ்சானபோது, கேள்வி கேட்ட பெண்களை வெறி பிடித்த இல்லத்தரசிகள் என்ற பொருளில், அவர்களுடைய லத்தீன் அமெரிக்க இனத்தையும் சேர்த்து, அதிகாரத் தரப்பு இழிவாகப் பேசியது. அதை அந்தப் பெண்களில் ஒருவரே பின்னாளில் வெளியே சொன்னார். காக்ஸ் இந்தச் சம்பவத்தை எடுத்துக்கொண்டு, அவைக்கு ஒவ்வாத குரல் என்று முத்திரை குத்துவதே ஒருவரை வெளியேற்றும் வழி என்று காட்டினார். அவர்கள் சொன்னது தவறு என்று யாரும் நிரூபிக்கத் தேவைப்படவில்லை. சொன்ன முறை சரியில்லை என்று சொன்னாலே போதுமாக இருந்தது.

இதைக் காக்ஸ் எழுதியதற்கு ஒரு கனம் உண்டு, ஏனென்றால் அவருடைய சொந்த அமைப்பும் இதில் குற்றம் சாட்டப்பட்ட இடத்தில் இருந்தது. அவர் பாடம் நடத்திய நார்த் கரோலினாவிலேயே, வாரன் கவுண்டியில், 1982-ல் பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த மண்ணைக் கொட்டக் குழி தோண்டினார்கள். பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் ஏழை வட்டாரம் அது. மக்கள் சாலையில் லாரிகளுக்கு முன் படுத்தார்கள், 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். குழி தோண்டுவதை அவர்களால் தடுக்க முடியவில்லை, ஆனால் சுற்றுச்சூழல் நீதி என்ற இயக்கம் அங்கிருந்து நாடெங்கும் பரவியது. 1990-ல் அந்த இயக்கத்தினர் பத்துப் பெரிய சுற்றுச்சூழல் அமைப்புகளுக்குக் கடிதம் எழுதினார்கள். உங்கள் இயக்குநர் குழுக்களிலும் ஊழியர்களிலும் எங்கள் மக்கள் எங்கே, எங்கள் ஊர்களைப் பற்றி எங்களைக் கேட்காமல் ஏன் முடிவெடுக்கிறீர்கள் என்பது அதன் கேள்வி. சியரா கிளப் அந்தப் பத்தில் ஒன்று. நான்கு ஆண்டுகள் கழித்து அந்த அமைப்பின் தலைவராகப் போனவருக்கு இந்தக் கேள்வி வாசற்படியிலேயே காத்திருந்தது.

அவருடைய முதல் பதவிக்காலம் வேறு வகையிலும் சோதனையானது. 1994 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி, நாற்பது ஆண்டுகளில் முதல்முறையாக நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் ஒருங்கே கைப்பற்றியது. சுற்றுச்சூழல் சட்டங்களைத் தளர்த்தும் மசோதாக்கள் வரிசையாக வந்தன. அவற்றின் பெயர்களைப் பாருங்கள். நில உரிமையாளருக்கு இழப்பீடு, ஒழுங்குமுறைகளுக்கு இடர் மதிப்பீடு என்ற நிபந்தனைகளை உள்ளடக்கிய மசோதாவின் பெயர் வேலைவாய்ப்பு உருவாக்க, ஊதிய உயர்வுச் சட்டம். தூய காற்றை எதிர்த்து யாரும் வாக்குக் கேட்கவில்லை, வேலைக்கும் ஊதியத்துக்கும் ஆதரவாகக் கேட்டார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிதியை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெட்டி, அதன் கைகளைக் கட்டும் 17 துணைவிதிகளைக் கீழவை நிதி மசோதாவில் செருகியது. அந்தத் துணைவிதிகள் தேசிய விவாதமாயின, குடியரசுக் கட்சியின் மிதவாதிகளே பிரிந்து வாக்களித்தார்கள், 1995 டிசம்பரில் அதிபர் கிளிண்டன் அந்த மசோதாவைத் தடுத்தார். எல்லாம் வெற்றி என்று சொல்ல முடியாது. பட்டுப்போன மரங்களை அகற்றுவது என்ற பெயரில் மரம் வெட்டுவதற்குச் சட்டங்களிலிருந்து விலக்குத் தந்த துணைவிதி அதே ஆண்டு ஜூலையில் கிளிண்டன் கையெழுத்தோடு நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் தலைப்பும் செருகப்படும் இடமும் அதன் உள்ளடக்கத்துக்கு இணையான ஆயுதங்கள் என்பதை அந்த ஆண்டு கற்பித்தது.

படங்களும் வாதம்தான். அலாஸ்காவில் உள்ள ஆர்க்டிக் தேசிய வனவிலங்குப் புகலிடத்தின் கரையோரச் சமவெளியில் எண்ணெய் எடுக்கலாமா என்ற சண்டை 2001-க்குப் பிறகு உச்சத்துக்குப் போனது. அரசு நிலங்களைக் கவனிக்கும் உள்துறை அமைச்சர் அந்த நிலத்தைத் தட்டையான வெள்ளை வெறுமை என்ற பொருளில் வருணித்தார். வெறுமையில் இழக்க என்ன இருக்கிறது? மீட்க முடியாதது என்ற வாதத்தின் வேரையே வெட்டும் வருணனை அது. இந்தியாவில் பிறந்த சுபாங்கர் பானர்ஜி பதினான்கு மாதங்கள் அங்கே தங்கி, எல்லாப் பருவங்களிலும் படம் எடுத்திருந்தார். 2003 மார்ச் 19 அன்று செனட் சபையில் ஓர் உறுப்பினர் பானர்ஜியின் பனிக்கரடிப் படத்தை உயர்த்திக் காட்டிப் பேசினார். எண்ணெய்த் திட்டம் 52-க்கு 48 என்று தோற்றது. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் நடக்கவிருந்த பானர்ஜியின் கண்காட்சி முதன்மை அரங்கிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டது, படக்குறிப்புகள் ஒட்ட நறுக்கப்பட்டன. காக்ஸ் தம் பாடநூலில் இந்த நிகழ்வைப் பேசுகிறார். ஒரு படம் வெறும் அலங்காரமாக இருந்தால் அதன் குறிப்பை நறுக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

இப்போது நம்பகத்தன்மைக்கு வருகிறேன். 2007-ல் சுற்றுச்சூழல் தொடர்பியலுக்கென்றே ஆய்விதழ் ஒன்று தொடங்கியபோது, முதல் இதழில் காக்ஸ் ஒரு கேள்வியை எழுப்பினார்: இந்தத் துறைக்கு அறக்கடமை உண்டா? 1985-ல் மைக்கேல் சூலே என்ற உயிரியலாளர் பாதுகாப்பு உயிரியலை நெருக்கடித் துறை என்று அழைத்திருந்தார். எல்லாத் தரவும் கைக்கு வரும் வரை காத்திருக்க முடியாது, மருத்துவத்தில் அறுவை சிகிச்சைபோல, அரைகுறைத் தகவலோடும் செயல்பட வேண்டிய துறை என்பது அவர் பொருள். காக்ஸ் அதைத் தம் துறைக்கும் நீட்டினார். இயற்கை அமைப்புகள் சரியும்போது சமூகம் அந்த அறிகுறிகளுக்குத் தகுந்தபடி பதில் சொல்கிறதா என்று பார்ப்பதும், பதில் சொல்லும் திறனைச் சமூகம் வளர்த்துக்கொள்ள உதவுவதும் தொடர்பியலாளரின் கடமை என்றார். உடனே சக ஆய்வாளர்களிடமிருந்து மாற்றுக் கருத்துகள் வந்தன. எது நெருக்கடி என்று யார் முடிவு செய்வது? கடமையை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால் ஆய்வு அதற்குச் சான்று தேடும் வேலையாகிவிடாதா?

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். சார்பு இல்லாத இடத்திலிருந்து எழுதப்படும் தொடர்பியல் ஆய்வு என்று ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை. நெருக்கடியைப் பார்த்தும் பேசாதிருப்பது நடப்பில் இருக்கும் ஏற்பாட்டுக்குத் துணைபோவதாகவே முடியும். ஆனால் சார்பு உள்ள ஆய்வாளரை நம்பலாமா என்பதற்கு ஓர் உரைகல் வேண்டும். தம் தரப்பின் தோல்வியையும் தம் தரப்பின் கருவிகளில் உள்ள குறையையும் அவர் எழுதுகிறாரா என்பதுதான் அது. காக்ஸ் இதில் தேறுகிறார் என்பது என் மதிப்பீடு. காலநிலை பற்றித் தம் தரப்பினர் எல்லோரும் மயங்கிக் கிடந்த ஒன்றைத்தான் அவர் 2010-ல் விமர்சித்தார்.

அந்தக் காலத்தில் எல்லோரும் சட்டகங்களைப் பற்றியே, அதாவது ஒன்றை எந்தச் சொல்லில், எந்தக் கோணத்தில் முன்வைப்பது என்பதைப் பற்றியே பேசினார்கள். புவி வெப்பமாதல் என்று சொல்லாதீர்கள், காலநிலை மாற்றம் என்று சொல்லுங்கள், அது அவ்வளவு பயமுறுத்தாது என்று ஃபிராங்க் லுன்ட்ஸ் என்ற கருத்துக்கணிப்பாளர் 2002-ல் குடியரசுக் கட்சிக்குக் குறிப்பு எழுதிக்கொடுத்தது வெளியே வந்திருந்தது. அதைக் கண்ட சூழல் அமைப்புகளும் சரியான சொல்லைத் தேடி ஓடின. பசுமை வேலை என்பதா, தேசப் பாதுகாப்பு என்பதா, குழந்தைகளின் உடல்நலம் என்பதா? காக்ஸ் கேட்டது வேறு. நல்ல சொல் கிடைத்தது, மக்கள் மனமும் மாறியது என்றே வைத்துக்கொள்வோம், அதன் பிறகு என்ன நடக்கும்? மனம் மாறியவர்கள் எந்தக் கதவைத் தட்டினால் எந்த முடிவு மாறும்? அந்தக் கணக்கு இல்லாத செய்தி காற்றில் கரைந்துவிடும். செய்தி உத்தியின் ஒரு பகுதிதான், செய்தியையே உத்தி என்று எண்ணிக்கொள்ளக் கூடாது என்றார்.

அவர் காட்டிய எடுத்துக்காட்டு புதிய நிலக்கரி மின் நிலையங்களைத் தடுத்த இயக்கம். 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 150-க்கும் மேற்பட்ட புதிய நிலையங்கள் திட்டத்தில் இருந்தன. புவி வெப்பமாதலைப் பற்றி நாட்டு மக்கள் எல்லோரையும் நம்பவைத்துவிட்டு அப்புறம் சட்டம் கொண்டுவரலாம் என்று காத்திருந்தால் அத்தனையும் எழுந்து நின்றிருக்கும், ஒவ்வொன்றும் பல பத்தாண்டுகள் புகைத்திருக்கும். சியரா கிளப்பும் உள்ளூர்க் குழுக்களும் வேறு இடத்தில் கைவைத்தன. ஒரு நிலையம் எழ மாநிலத்தின் காற்று அனுமதி வேண்டும், மின்கட்டண ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும், வங்கியின் கடன் வேண்டும். மூன்றும் வெவ்வேறு அவைகள், மூன்றிலும் வெவ்வேறு பேச்சு எடுபடும். அனுமதி அலுவலகத்தில் சட்டப்பிரிவு, கட்டண ஆணையத்தில் நுகர்வோர் தலையில் விழப்போகும் செலவு, வங்கியில் முதலீட்டு அபாயம்.

2007 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் தூய காற்றுச் சட்டத்தின்படி மாசுகள் என்று தீர்ப்பளித்தது. அக்டோபரில் கன்சாஸ் மாநிலத்தின் சுகாதார, சுற்றுச்சூழல் செயலர் ரோடரிக் பிரெம்பி, ஹோல்கோம்ப் என்ற இடத்தில் வரவிருந்த நிலையத்துக்குக் கார்பன் டை ஆக்சைடைக் காரணமாகக் காட்டி அனுமதி மறுத்தார். 2008 பிப்ரவரியில் மூன்று பெரிய முதலீட்டு வங்கிகள், நிலக்கரி நிலையங்களுக்குக் கடன் தருமுன் கார்பன் அபாயத்தைக் கணக்கிடுவோம் என்று அறிவித்தன. அந்த ஆண்டு நவம்பரில், யூட்டாவில் உள்ள பொனான்சா நிலையத்தின் விரிவாக்கத்துக்கு எதிராக சியரா கிளப் தொடுத்த முறையீட்டில், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மேல்முறையீட்டு வாரியம் அனுமதியைத் திருப்பி அனுப்பியது. வரிசையில் நின்ற மற்ற நிலையங்களும் தயங்கின. கடன் தருபவர் தயங்கினால் ஒரு மாதத் தாமதம்கூடச் செலவாகிறது, செலவு கூடினால் கட்டண ஆணையம் கேள்வி கேட்கிறது. ஒரு கண்ணியை இழுத்தால் அடுத்தது ஆடும் என்பதுதான் காக்ஸ் சொன்ன உத்தி. அவர் மூன்றாவது முறையாகத் தலைவராக இருந்த காலம் பெரும்பாலும் இதனோடு இணைந்து ஓடியது. ஆகவே அந்தக் கட்டுரையை வெளியிலிருந்து வேடிக்கை பார்த்தவர் எழுதிய கட்டுரையாக நான் படிக்கவில்லை.

அவரோடு எனக்கு உடன்பாடு இல்லாத இடமும் ஒன்று உண்டு. மீட்க முடியாதது என்ற வாதத்தை அவர் பெரும்பாலும் இயற்கையின் பக்கத்திலிருந்து ஆராய்ந்தார். அதே வாதம் எதிர்ப்பக்கத்திலிருந்தும் அதே வலிமையோடு வரும். 1990-ல் வடமேற்குப் பகுதியின் புள்ளி ஆந்தை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலிடப்பட்டபோது, அது வாழும் காடுகளில் மரம் வெட்டுவது நின்றுவிடும் என்று அஞ்சி, ஓரிகன் மாநிலத்தின் மரவெட்டி ஊர்களில் லாரிகளில் மஞ்சள் நாடா கட்டிக்கொண்டு மக்கள் திரண்டார்கள். எங்கள் ஊரும் ஒன்றே ஒன்றுதான், மரவாடி மூடினால் திரும்ப வராது, இப்போது தடுக்காவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த வாழ்க்கை இல்லை என்றார்கள். காக்ஸ் வகுத்த மூன்று தன்மைகளும் அதில் அப்படியே இருக்கின்றன. இரண்டு மீட்க முடியாதவை நேருக்கு நேர் நிற்கும்போது எதை முன்னே வைப்பது என்பதற்கு அவருடைய 1982 கட்டுரை விடை தரவில்லை. அவரே நிலக்கரி மலைகளில் வளர்ந்தவர், சுரங்கம் மூடிய ஊர் எப்படி இருக்கும் என்று அறியாதவர் இல்லை. அதனால்தான் இந்த இடைவெளி எனக்கு உறுத்துகிறது. சொல்லாட்சியியல் படிக்கிறவர்கள் இனி உழைக்க வேண்டிய இடம் இது என்று நினைக்கிறேன்.

நீங்கள் இந்த வழியில் போக விரும்பினால், உரைகளையும் விளம்பரங்களையும் மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். காக்ஸ் பணியாற்றிய காலத்து அமெரிக்க விதிகளின்படி, தாக்க அறிக்கையின் வரைவுக்கு மக்கள் அனுப்பிய பொருளுள்ள கருத்துகளுக்கு இறுதி அறிக்கையில் அரசுத் துறை பதில் சொல்லியாக வேண்டும். அந்த அறிக்கைகள் பொது ஆவணங்கள். வரைவையும் இறுதி வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கருத்துக் கடிதங்கள் அச்சான பின்னிணைப்பைத் திறந்து, எந்தக் கடிதத்தால் எந்தப் பத்தி மாறியது என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். "உங்கள் கருத்துக் குறித்துக்கொள்ளப்பட்டது" என்ற ஒற்றை வரிப் பதிலோடு கழிந்துபோன கடிதங்களையும் தனியே எடுத்துவைத்து, அவற்றை எழுதியவர்கள் யார் என்று பாருங்கள்.